அம்மா வீட்டுப் படி ஏறாதே

சுவான்சீ,
ஞாயிறு காலை

அன்புள்ள எம்ரிஸ்,

வழக்கு முடிந்துவிட்டது. அம்மா அதே வீட்டில்தான் இருக்கிறாள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மீதியை நிதானமாகப் படி.

நீ குடித்துவிட்டுப் படிக்கட்டில் போட்ட கூச்சல், கீழ்வீட்டு பெரிலின் கதவை உடைத்தது, எல்லாவற்றையும் நகராட்சி வக்கீல் வாசித்தார். செய்தது நீ, ஆனால் நகராட்சியின் வாடகை வீடு அம்மா பெயரில் இருக்கிறது. நகராட்சி பக்கம் சாட்சி சொல்ல வந்த பெரிலும் அம்மாவும் ஒரே டாக்சியில்தான் வந்து இறங்கினார்கள். “ரெண்டு டாக்சிக்கு எதுக்குடி தண்டம்?” என்றாளாம் பெரில்.

குற்றச்சாட்டு உண்மைதான் என்று நீதிபதி சொல்லிவிட்டார். வீட்டைக் காலி செய்யும் உத்தரவை உடனே நிறைவேற்றுவதா, நிறுத்தி வைப்பதா என்பது மட்டும் அவர் கையில் இருந்தது. சிறையிலிருந்து உன் விடுதலை நெருங்குகிறதே, மகன் வந்து கதவைத் தட்டினால் என்ன செய்வீர்கள் என்று அம்மாவைக் கேட்டார். போலீசைக் கூப்பிடுவேன் என்று சொல்லும்படி நீதிமன்ற வாசலில் காத்திருந்த நேரமெல்லாம் எங்கள் வக்கீல் சொல்லிக்கொடுத்திருந்தார். அம்மா, பஸ் டிரைவரிடம் பேசுவதுபோல, “திறப்பேன் கண்ணு. மழையில நிக்கிறவன வேற என்ன பண்றது?” என்றாள். வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். “ஒரு பொய் சொல்லத் துப்பிருக்கா இவளுக்கு!” என்று பெரில் பின்வரிசையில் முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது.

அவனுக்குப் போக வேறு இடம் இருக்கிறதா என்று நீதிபதி கேட்டார். நான் எழுந்து, என் வீடு இருக்கிறது என்றேன். அது அவனுக்குத் தெரியுமா என்றார். எழுதுகிறேன் என்றேன்.

உத்தரவை இரண்டு வருடம் நிறுத்தி வைத்திருக்கிறார், ஒரே நிபந்தனையோடு: நீ அந்தக் கட்டிடத்துக்குள் கால் வைக்கக் கூடாது. படிக்கட்டில்கூட. வைத்தால் நகராட்சி திரும்பவும் நீதிமன்றத்துக்குப் போகும். அம்மா தெருவுக்கு வருவாள். இந்த நிபந்தனையை அம்மாவால் காப்பாற்ற முடியாது, எம்ரிஸ். அவள் என்ன செய்வாள் என்பதை நீதிபதியிடமே சொல்லிவிட்டாள். காப்பாற்ற முடிந்தவன் நீ ஒருவன்தான்.

குடியை விட்டுவிட்டதாக எழுதியிருந்தாய். நம்புகிறேன் என்று நான் எழுத மாட்டேன். என்னை உனக்குத் தெரியும். ஆனால் பின்னறையில் இருந்த என் புத்தகங்களை மாடிக்கு ஏற்றிவிட்டேன். அந்த அறை ஜன்னல் சரியாக மூடாது. கனமான கம்பளி ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறேன்.

அம்மா சும்மா இருக்கவில்லை. இனி ஞாயிற்றுக்கிழமைகளில் என் அடுப்பில்தான் ஆட்டுக்கறி வேகுமாம். என் அடுப்பு சரியில்லை என்றும் சொல்லியாயிற்று.

ரயிலை விட்டு இறங்கியதும் அம்மா வீடு இருக்கும் மேட்டுப் பக்கம் திரும்பிப் பார்க்காதே. இல்லை, பார்த்தால் பார்த்துக்கொள், ஆனால் ஏறாதே. கடலோரச் சாலையைப் பிடித்து நேராக என்னிடம் வா. அன்று நான் விடுப்பு எடுத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
நெஸ்டா