ம் கொட்ட ஆள் வேண்டாம்

அப்பா,

நல்ல கதை எழுதுகிறவனுக்குக் கேட்க ஆளே தேவையில்லை. இதைக் காலேஜ் விழாவில் பேசிக் கைதட்டல் வாங்கியவன் நான்.

தூங்குகிறீர்கள், எழுப்பவில்லை. குக்கரில் சாதம் இருக்கிறது. பக்கத்துப் பாத்திரத்தில் இருப்பது ரசம். என் வார்த்தையை நம்பிச் சாப்பிடுங்கள். பீன்யா ஃபேக்டரிக்கு செகண்ட் ஷிப்ட் கிளம்பும்போது சாவியைப் பக்கத்து வீட்டு டேரில் அங்கிளிடம் கொடுத்துவிடுங்கள்.

தினமும் காலையில் எழுதியதை நீங்கள் அம்மாவுக்கு வாசிப்பதும், தோசை வார்த்தபடியே அம்மா ம் கொட்டுவதும், ம் வராத வரியை நீங்கள் அடிப்பதும் எனக்கு எப்போதும் தமாஷ். "எழுத்தாளர் யாரு, நீங்களா அம்மாவா?" என்பேன். "கம்முனு இருடா, கதை போயிடும்" என்பாள் அம்மா.

அம்மா இறந்த பிறகு நீங்கள் எழுதவே இல்லை. நேற்று சாப்பிடும்போது, "ம் சொல்ல ஆள் இல்லேன்னா கதை வராதாப்பா?" என்று கேட்டேன். பாதித் தட்டோடு எழுந்து போனீர்கள்.

ரசத்தைச் சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

குணாளன்

பி.கு.: இன்று விடியற்காலையில் காலி அடுப்படியில், ராத்திரி எழுதியதை நீங்கள் வாசித்தது கேட்டது. ஒவ்வொரு வரிக்கும் நிறுத்திக் காத்திருந்தீர்கள். போர்வைக்குள் நான் ம் சொன்னேன். உங்களுக்குக் கேட்டிருக்காது. நாளைக்கு வெங்காயம் உரிக்கிற சாக்கில் அடுப்படிக்கே வருகிறேன்.