புதன்கிழமை வேண்டாம்

மேட்டு லயம்,
றொசல்ல.

என் சின்ன மகன் சுதாகரனுக்கு,

முதலில் அன்றைக்கு அங்கே யார் யார் இருந்தார்கள் என்று எழுதிவிடுகிறேன். நாளைக்கு யாரும் "நான் அங்க இல்லையே" என்று சொல்லக்கூடாது. நான் இருந்தேன். உன் பெண்சாதி பிரியந்தி இருந்தாள். உன் மகள், கல்யாணப் பொண்ணு, நிஷாந்தி இருந்தாள். மாப்பிள்ளை சஞ்சயனும் அவன் அம்மா செல்வமலர் டீச்சரும் இருந்தார்கள். கல்யாண ஹோலைப் பார்த்துக்கொள்ளும் சிங்கள மாத்தயா இருந்தார். உன் அண்ணன் ஜெயகாந்தன் எல்லாருக்கும் முன்னால் நின்றான். வேறு யாரும் இல்லை.

நீ கட்டாரில் வெயிலில் நிற்கிறாய். இங்கே மழையும் பனியும் மாறி மாறி அடிக்கிறது. எனக்கு முழங்கால் வலியைத் தவிர ஒரு குறையும் இல்லை. போனில் சொன்னால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நிஷாந்தி போட்டோ பிடித்து அனுப்புவாள். அவளும் படிப்பாள், படிக்கட்டும். மூணாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, பிழை இருக்கும். விஷயத்தில் பிழை இருக்காது.

கல்யாணத்துக்கு இடம் பார்க்கக் கொட்டகலைக்குப் போனோம். நிஷாந்தியும் சஞ்சயனும் ஒன்றாகப் படித்த கல்லூரி அந்தப் பக்கம்தானே, அங்கேயே தாலி கட்ட வேண்டும் என்று இரண்டு பேருக்கும் ஆசை. ஊர் முழுக்க வாத்தியார் வேலைக்குப் படிக்கிற பிள்ளைகள். சேலை கட்டிக்கொண்டு குடை பிடித்து வரிசையாகப் போகிறார்கள். நம்ம நிஷாந்தியும் இப்படித்தானே போயிருப்பாள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். ஜெயகாந்தன், "அம்மா, வாங்க, நேரமாகுது" என்று இழுத்துக்கொண்டு போனான்.

முதலில் கோவில் மண்டபத்தைப் பார்த்தோம். எனக்குப் பிடித்தது. வாகனம் நிறுத்த இடமில்லை என்றான் உன் அண்ணன். சரி என்றேன். அடுத்ததாக ரோட்டுக்கு மேல் மேட்டில் கட்டியிருக்கிற புது ஹோல். பொய் சொல்ல மாட்டேன், அழகாகத்தான் இருந்தது. நாற்காலிக்கெல்லாம் வெள்ளைத் துணி போட்டு இடுப்பில் பூ முடிச்சு. கீழே சிவப்புக் கார்ப்பெட். மேலே கண்ணாடி விளக்கு. ஜன்னலைத் திறந்தால் தேயிலை மலை. ஆயுசு முழுக்க அந்த மலையில் நின்றுகொண்டு இந்தப் பக்கம் பார்த்தவள், அன்றைக்குத்தான் இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்த மலையைப் பார்த்தேன். சஞ்சயன் என் கையைப் பிடித்து எல்லாம் சுற்றிக் காட்டினான். நல்ல பிள்ளை. பந்தி நடக்கிற இடத்தையும் பார்த்தேன், நம்ம மேட்டு லயத்து வீடுகளும் கீழே பணிய லயத்து வீடுகளும் ஒரே பந்தியில் உட்காரலாம். எனக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் ஜெயகாந்தன் நாளைச் சொன்னான். சித்திரை பிறந்து இரண்டாவது புதன்கிழமை.

புதன்கிழமை! உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சித்திரை மழை விழுந்து கொழுந்து கொத்துக்கொத்தாக வருகிற நேரம். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய் நிற்காவிட்டால் பேர் இல்லை, அன்றைக்குச் சம்பளமும் இல்லை. ஒருத்தருக்கு லீவு கொடுக்கலாம், இரண்டு பேருக்குக் கொடுக்கலாம். இரண்டு லயத்துக்கும் எந்தத் துரை கொடுப்பான்? தோட்டத்தில் சாவுக்குத்தான் வேலை நிற்கும், கல்யாணத்துக்கு நிற்காது. அதனால்தானே நம்ம சனம் நல்லதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில் வைக்கிறது. பெரட்டுக்களத்தில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவனுக்கு இது தெரியாதா?

"என்னடா இது, புதன்கிழமை யாரு வருவா?" என்று கேட்டேன். "ஐயர் அந்த நாளத்தாம்மா குறிச்சுக் குடுத்தாரு. லீவு போட்டுட்டு வருவாங்க" என்றான். பிரியந்தி முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள். புருசனுடைய அண்ணன் முன்னால் அவள் எப்போது வாய் திறந்தாள்? நிஷாந்தி என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

அப்போது செல்வமலர் டீச்சர் பேசினார். இவர் மேல் எனக்கு ஒரு வருத்தம் இருந்தது உனக்குத் தெரியும். நிச்சயத்தன்றைக்கு, "உங்கட பக்கம் எத்தினை பேர் வருவினம்?" என்று கேட்டாரே, தோட்டத்துச் சனத்தைத் தலை எண்ணுகிறாரா என்று அன்றையிலிருந்து மனசில் வைத்திருந்தேன். அவர் இப்போது, "ஐயர் ஒரு நாள் மட்டுமோ சொன்னவர்? ஞாயிறு எண்டால் எல்லாருக்கும் சுகமெல்லோ" என்றார். சஞ்சயன் அந்த நிமிசமே ஐயருக்குப் போன் போட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தான். ஐயர் சொன்னார்: "நான் ரெண்டு நாள் சொன்னேனே தம்பி. அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை இன்னும் விசேஷம். சார்கிட்ட சொல்லிட்டேனே."

சார் என்றால் உன் அண்ணன்.

உடனே, "ஞாயித்துக்கிழமைக்கு ஹோல் இல்லம்மா, வேற யாரோ எடுத்துட்டாங்க" என்றான். அவனும் மாத்தயாவும் அதுவரைக்கும் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இங்கிலீஷ் வராது. சிங்களம் வரும், அட்டன் சந்தையில் கற்றது, ஒருத்தரும் என்னை ஏமாற்ற முடியாது. மாத்தயாவிடம் சிங்களத்தில் நானே கேட்டேன். அந்த மனுசன் பாவம், சிரித்துக்கொண்டே, "இரிதா தியெனவா, அம்மே" என்றார். ஞாயிறு இருக்கிறதாம். போன வாரமே சாரிடம் சொன்னாராம்.

ஜெயகாந்தன் என் கையைப் பிடித்துச் சமையல் கட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். அங்கே அவன் சொன்னதை ஒரு சொல் குறையாமல் எழுதுகிறேன். "அம்மா, கல்விக் கந்தோர்ல இருந்து பெரிய அதிகாரிங்க எல்லாம் வராங்க. நான் ஒரு ஸ்கூலுக்கு பிரின்சிபல். லயத்து ஆளுங்க மொத்தமா வந்து எறங்குனா அது கல்யாணமா இருக்காது, தேர்த் திருவிழாவாத்தான் இருக்கும். முக்கியமான பத்துப் பேர் வந்தா போதாதா?"

அந்தப் பத்தில் ராக்காயி உண்டா என்று கேட்டேன்.

"அது வேற வந்து கார்ப்பெட்ல வெத்தல துப்பணுமா?" என்றான்.

சுதாகரா, அந்த வருசம் காற்றில் நம்ம வீட்டுக் கூரைத் தகரம் பறந்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ சின்னப் பயல். உன் அண்ணனுக்கு ஓ லெவல் சோதனை. அடுத்த வீட்டு ராக்காயி, கல்யாணமாகி வந்த புதுசு, தன் காம்பராவை அவனுக்குப் படிக்கக் கொடுத்துவிட்டுப் புருசனோடு வெளியே வாசல் இஸ்தோப்பில் சாக்கை விரித்துப் படுத்தாள். சோதனை முடியும்வரை அப்படித்தான். அந்தக் குளிர் எப்படிப்பட்ட குளிர்! அன்றைக்கு அவனுக்கு அவள் வெற்றிலை நாறவில்லை.

நேராக நடந்து வந்தேன். மணவறைக்காக ஜோடித்து வைத்திருந்தார்களே, தங்கக் கலரில் ராசா ராணி நாற்காலி, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அதில் ஏறி உட்கார்ந்தேன். "ஞாயித்துக்கிழமன்னு எழுதுற வரைக்கும் இந்தக் கெழவி எந்திரிக்க மாட்டா" என்றேன். ஜெயகாந்தன், "அம்மா, எந்திரிங்க, எல்லாரும் பாக்குறாங்க" என்று பல்லைக் கடித்தான். "பாக்கட்டும்டா, பாக்குறதுக்குத்தானே உக்காந்திருக்கேன்" என்றேன்.

நிஷாந்தி வந்தாள். எழுப்பத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவளும் செருப்பைக் கழற்றினாள். "அப்பாயி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பெரியப்பா, புதன்கிழமைன்னா எனக்குக் கல்யாணம் வேண்டாம்" என்றாள். சத்தம் போடாமல்தான் சொன்னாள். அவளைத் தூக்கி வளர்த்தது நீ இல்லை, நீ ஊரில் இல்லைதானே. இரண்டு லயத்துப் பொம்பளைகளும் மாறி மாறித் தூக்கினார்கள். அது அவளுக்கு மறக்கவில்லை. செல்வமலர் டீச்சருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "மாமி, மாப்பிள்ளைக்கு இடம் வைக்காமல் இருந்திட்டியளே" என்றார். பிரியந்திகூடச் சிரித்தாள். மாத்தயா கொப்பியை எடுத்து ஞாயிற்றுக்கிழமை என்று எழுதினார். உன் அண்ணன் வேனில் ஏறாமல் தனியாக பஸ் பிடித்துப் போனான்.

செல்வமலர் டீச்சர் திரும்பி வரும்போது வேனில் என்னிடம் சொன்னார், அன்றைக்குத் தலை எண்ணியது இலை போதாமல் போய்விடக்கூடாதே என்ற பயத்தில்தானாம். அந்த வருத்தத்தை அன்றைக்கே விட்டுவிட்டேன்.

மறுநாளே வெற்றிலை பாக்குத் தட்டோடு வீடு வீடாகப் போய்ச் சொல்லத் தொடங்கினேன். முதல் வீடு ராக்காயி. அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "எங்க ஜெயகாந்தன் முன்னுக்கு நின்னு நடத்துற கல்யாணம், நான் வராம யாருக்கா வருவா? ஆனா அந்த மாதிரி எடத்துல வெத்தல போடலாமாக்கா? புள்ளைக்கு மரியாத கொறைஞ்சிரக் கூடாது" என்று கேட்டாள். தாராளமாகப் போடு, நானும் போடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவன் சொன்னதை அவளிடம் சொல்லவில்லை. நீயும் சாகும்வரை சொல்லாதே.

நான் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன் என்று நீ நினைப்பாய். இதுவரைக்கும் உனக்குச் சொன்னதில்லை. உன் அப்பா அழகுமுத்துவுக்கும் எனக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் கல்யாணம். அப்போது கணக்கப்பிள்ளையாக இருந்தவர் சின்னராசா. கொழுந்து நிறுக்கும்போது என் அப்பா தராசைக் காட்டி ஒரு கேள்வி கேட்டுவிட்டார் என்று அவருக்குக் கோபம். சரியாக என் கல்யாண ஞாயிற்றுக்கிழமை பார்த்து எல்லாரையும் வேலைக்கு வரச்சொல்லி உத்தரவு போட்டார். எனக்குத் தாலி கட்டும்போது பூசாரியும் தப்படிக்கிற இரண்டு பேரும் கிழடு கட்டைகளும்தான். மலைமேல் என் சேத்தாளிகள், கூட வேலை செய்கிற பொண்ணுகள், கொழுந்து எடுத்துக்கொண்டே கீழே பார்த்துக் கை காட்டினார்கள். நான் மாலையோடு நின்று கை காட்டினேன். அந்த ஹோல் ஜன்னலில் மலையைப் பார்த்தபோது எனக்கு அதுதான் தெரிந்தது. என் பேத்தி மாலையோடு நின்று மலையைப் பார்த்துக் கை காட்ட மாட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் றொசல்ல ஸ்டேசனில் ரயில் ஏறிக் கொட்டகலையில் இறங்குகிறோம். அங்கிருந்து தப்படித்துக்கொண்டு நடந்து போவோம். சஞ்சயன் ஸ்டேசனுக்கே வந்து நிற்கிறேன் என்கிறான். கல்விக் கந்தோர் பெரியவர்களும் வரட்டும், நல்ல சாப்பாடு இருக்கிறது.

இப்போது உன் சங்கதி. ஜெயகாந்தன் போகும்போது ஒரு வார்த்தை வீசிவிட்டுப் போனான். "புதன்கிழமை சரின்னு தம்பியே சொல்லிட்டான்" என்றான். நீ தெரிந்து சொன்னாயோ, பாலைவனத்தில் கிழமை மறந்து சொன்னாயோ, எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். நீயும் பதில் எழுத வேண்டாம், போனும் வேண்டாம். லீவு கேட்டு வா. ஞாயிற்றுக்கிழமை காலையில் றொசல்ல ஸ்டேசனில் எங்கள் சனத்தோடு சனமாக வந்து நில். அது போதும் எனக்கு.

அண்ணனோடு சண்டை போடாதே. அவன்தான் மூத்தவன், சபையில் அவனுக்கு இடம் உண்டு. முதல் பந்தியில் அவனுக்கு இலை போடுவேன். என் கையாலேயே சோறு வைப்பேன், ராக்காயிக்குப் பக்கத்து இலையில். அவன் பிள்ளைகுட்டிகளோடு நூறு வருசம் நன்றாக இருக்கட்டும். நீயும் சுகமாக வந்து சேர். முத்துமாரி துணை இருப்பாள்.

மன்னிப்பு வேறு சங்கதி. யாரை மன்னிக்கக்கூடாது என்று என் மனசில் ஒரே ஒரு நாற்காலிதான் போட்டிருக்கிறேன். ஐம்பது வருசத்துக்கு மேல் அதில் கணக்கப்பிள்ளை சின்னராசா உட்கார்ந்திருந்தார். செத்த பிறகும் எழுப்பவில்லை. நேற்று விளக்கு வைக்கும்போது அவரை எழுப்பி அனுப்பிவிட்டேன். அவர் வெளியாள், என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. அந்த நாற்காலி இப்போது சொந்தத்துக்கு வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
உன்னையும் அவனையும் பெற்ற
சண்முகவடிவு.

நாற்காலியில் யார் என்று நீ கேட்பாய். ஜெயகாந்தன்.