வெர்லின் மச்சானுக்கு ஒரு கோணல் துப்பாக்கி

ஜூன் 9, ஞாயிறு

என் இருபத்தாறு துப்பாக்கிகள் மீதும் ஆணையாகச் சொல்கிறேன்: இந்தக் கோடையில் நான் இந்த நோட்டில் எழுதப்போகும் கதையை ஒருத்தரும் நம்பப்போவதில்லை. நம்பாதவர் பட்டியலில் முதல் பெயர் என் மனைவி டெல்ஃபியா. கதை என்னவென்று எனக்கே இன்னும் தெரியாது. ஏதாவது நடக்கும். நடக்காவிட்டால் நடக்க வைப்பேன்.

ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை அணில் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. இன்னும் அறுபத்தொன்பது நாள்.

இன்று சர்ச் முடிந்ததும் வழக்கம்போல் கொட்டகைக்குப் பின்னால் பலகையில் பெப்பர்மின்ட் மிட்டாய்களை ஒட்டி, ஐம்பது கஜத்திலிருந்து சுட்டோம், நானும் டெல்ஃபியாவின் அண்ணன் வெர்லினும். நான் பத்துக்குப் பத்து. உண்மையில் பத்தாவதை நான் சுடவே இல்லை. பயத்தில் அதுவே கழன்று விழுந்தது.

வெர்லின் பத்துக்குப் பூஜ்யம்.

இந்த மலைப்பக்கம் முழுக்க என்னைவிட நன்றாகச் சுடுகிற ஒரே ஆள் அவன். (இதை வெளியே சொல்ல மாட்டேன்.) துப்பாக்கியை இறக்கி வைத்துவிட்டு என்னை முறைத்தான்.

“போன மாசம் நீ இதைக் கழட்டினே இல்ல? அதுலேர்ந்துதான் மாப்ள இப்படி.”

என்னைப் பார்த்து! என் கையைப் பார்த்து!

ஜூன் 11

வெர்லினிடம் இருப்பது ஒரே துப்பாக்கி. மர ஆலையில் வாங்கிய முதல் சம்பளத்தில் எடுத்தது. எனக்கு இருபத்தாறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு ஜாதகம், தோளில் பதிய நான் இழைத்துப் போட்ட ஒரு மரக்கட்டை, நான் ராவி மெருகேற்றிய ஒரு விசை. ஆனாலும் அவனுடையதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

பிரித்தேன். திருகுகளை இறுக்கினேன். குழலைத் துடைத்தேன். விசை, நினைத்தாலே வெடிக்கும் பதத்தில் இருந்தது. பிறகு மேஜைமேல் சாய்த்து நானே ஐந்து சுட்டேன். ஐந்து துளையையும் ஒரு சட்டைப் பொத்தானால் மூடிவிடலாம்.

துப்பாக்கியில் குறை இல்லை. காற்றாக இருக்கும்.

ஜூன் 16

காற்று இல்லை. ஓர் இலைகூட அசையவில்லை. வெர்லின் ஒரு மிட்டாயை உடைத்தான்.

“மச்சான், அது என் மிட்டாய். உன்னோடது பக்கத்துல சௌக்கியமா இருக்கு.”

அவன் சிரிக்கவில்லை. நாற்பது வருடமாக என் மோசமான நகைச்சுவைக்கெல்லாம் மூக்காலாவது சிரிப்பவன்.

ஜூன் 19

துப்பாக்கிக்கும் வாய் ருசி உண்டு. ஒன்று பச்சை டப்பாத் தோட்டாவை மட்டும் தின்னும். இன்னொன்றுக்கு அதே கம்பெனியின் நீல டப்பாதான் இறங்கும். என் ஏழாம் நம்பர் ‘மகாராணி’க்குப் பிடித்த தோட்டாவை இருபது வருடம் தேடினேன். ஐந்து மாநிலங்கள், இரண்டு வெள்ளம், ஒரு நிலநடுக்கம் தாண்டி ஒரு மீன்தூண்டில் கடையில் கிடைத்தது.

வெர்லினுடையதற்குப் பதினோரு வகைத் தோட்டா ஊட்டிப் பார்த்தேன். என் கையில் பதினொன்றையும் சமத்தாகச் சாப்பிடுகிறது. அவன் கையில் எல்லாவற்றையும் துப்புகிறது.

ஜூன் 23

என்னிடம் உள்ளதிலேயே உசத்தியான குறிபார்க்கும் ஸ்கோப்பைப் பொருத்திக் கொடுத்தேன். மிட்டாய்கள் அனைத்தும் நலம்.

ஜூன் 30

சண்டை.

விசையை இன்னொரு தடவை பார்க்கட்டுமா என்று மட்டும்தான் கேட்டேன். துப்பாக்கியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான். “போதும். இனிமே இதைத் தொடாதே. ஆகஸ்ட்ல நான் வரல. நீ மட்டும் போய்க்கோ.”

வரலையா? முப்பத்தெட்டு வருஷம்! முதல் நாள் வேட்டைக்கு ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே போயிருக்கோம். எனக்கு நிமோனியா வந்த வருஷங்கூட கம்பளியைச் சுத்திக்கிட்டுப் போனேனே. நான் என்ன செஞ்சேன் இவனுக்கு? ஏதோ கெடுத்துட்டேன். என்னன்னு தெரியல. தெரிஞ்சாத்தானே சரிபண்ண முடியும்?

சாப்பாடு இறங்கவில்லை. ஒரு தட்டோடு எழுந்துவிட்டேன். (மூன்று. ஆனாலும் ருசிக்கவில்லை.)

ஜூலை 3

வெர்லினின் மகள் நடீன் வந்தாள். கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு, பெயின்ட் டப்பாமேல் உட்கார்ந்தாள்.

“மாமா, அப்பாவோட துப்பாக்கில ஒண்ணுமில்ல.”

“அதைத்தான் நான் மூணு வாரமா—”

“அப்பாவுக்கு வலது கண்ணு போச்சு.”

பனிக்காலத்தில் பல் பிடுங்கப் போகிறேன் என்று லெக்சிங்டன் பட்டணத்துக்குப் போனானே, அது பல் இல்லையாம். விழித்திரையின் நடுவில் ஓட்டை. ஆபரேஷன் செய்தார்களாம். இனி இவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

“நடுவுல ஒரு கறுப்புப் பொட்டு மாமா. சுத்தி எல்லாம் தெரியுது. எதைப் பாக்கணும்னு பாக்குறாரோ, அது மட்டும் தெரியல.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

நடீன் தரையைப் பார்த்தாள். “உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னார். மாமா சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே கதை கட்டிடுவாரு, கடைசில எனக்கு ரெண்டு கண்ணும் போயி ஒரு காலும் போயிருக்கும்னார்.”

நியாயம்தான். அதுதான் வலிக்கிறது.

அந்தத் துப்பாக்கியில் நாற்பத்தேழு உறுப்பு. ஒவ்வொன்றையும் நான்கு முறை கழற்றிப் பார்த்தேன். நாற்பத்தெட்டாவதாக இருநூறு பவுண்டு எடையில் ஒன்று பின்னால் உட்கார்ந்திருந்தது. அதை ஒரு தடவையும் பார்க்கவில்லை.

டெல்ஃபியாவிடம் போய் நின்றேன். “உனக்குத் தெரியுமா?”

“பிப்ரவரிலேர்ந்து தெரியும்.”

“புருஷன்கிட்ட—”

“நீங்க வாயை மூடிட்டு இருந்த நாள் ஒண்ணைச் சொல்லுங்க. அன்னிக்கே சொல்லியிருப்பேன்.”

ஜூலை 5

யோசித்தேன். இடது கண் நன்றாக இருக்கிறது. துப்பாக்கியை இடது தோளுக்கு மாற்றினால் போதும், ஆனால் அந்தத் தோளை மர ஆலையில் ஒரு மரம் உருண்டு வந்து நசுக்கி இருபத்தைந்து வருடமாகிறது. கை மார்புக்கு மேல் எழும்பாது.

ஆக, தோள் வலது; கண் இடது. நடுவே மூக்கு என்கிற மலைத்தொடர். அதைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி ஒரு கட்டை வேண்டும். வலது தோளில் தொடங்கி, கன்னத்தடியில் வளைந்து, குழலை இடது கண்ணுக்கு நேரே கொண்டுபோய் நிறுத்துகிற கோணல் கட்டை. அந்தக் காலத்தில் ஒற்றைக் கண்காரர்களுக்குச் செய்வார்களாம். நான் செய்ததில்லை. பார்த்ததுகூட இல்லை. ஆகவே, அதில் நான்தான் உலக நிபுணன்.

இவ்வளவு வளைவுக்குத் தடிமனான மரம் வேண்டும். வீட்டில் அப்படி ஒன்றுதான் இருக்கிறது.

ஜூலை 6

அந்தப் பலகை பதினான்கு வருடமாக என் கட்டிலுக்கடியில் காய்கிறது. கறுப்பு வால்நட் மரம். புலித்தோல் மாதிரி வரி. என் வாழ்நாள் துப்பாக்கிக்கென்று வைத்திருந்தேன். கவர்னரே ஹெலிகாப்டரில் வந்து கேட்டார், கொடுக்கவில்லை. டெல்ஃபியா அதை ‘என் சக்களத்தி’ என்றுதான் சொல்வாள்.

இன்று வெளியே இழுத்தேன். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், “நேரா அறுத்தா ரெண்டு கட்டை வருமே” என்றாள்.

“கோணலா அறுத்தா ஒண்ணுதான் வரும்.”

 பலகையின் மறுமுனையை வந்து பிடித்துக்கொண்டாள்.

ரம்பத்தை வைக்குமுன் கோட்டை நான்கு தடவை அளந்தேன். வயசு. வேறென்ன.

ஜூலை 14

அளவு எடுக்க வெர்லின் முகம் வேண்டும். வெர்லினோ என்னைக் கண்டால் சாலையின் எதிர்ப்பக்கம் போகிறான். டெல்ஃபியாவுக்கு அதே கன்னம், அதே மூக்கு. அண்ணனுக்குத் தாடி மட்டும் கூடுதல். எனவே ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தவளைச் சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து, கட்டையைக் கன்னத்தில் சாய்த்தேன்.

“மூக்கு இடிக்குது.”

“உங்க குடும்ப மூக்கு அது. அதுக்கு நான் என்ன செய்ய?”

“செதுக்குங்க. கட்டையை!”

ஒன்பது முறை உட்கார்ந்தாள். மாவு இரண்டு முறை பொங்கி வழிந்தது.

ஜூலை 29

ஆளிவிதை எண்ணெய், பதின்மூன்றாம் பூச்சு. உள்ளங்கைச் சூட்டிலேயே தேய்த்தேன்.

பார்த்தால், பின்னால் யாரோ கூப்பிடத் திரும்பிப் பார்க்கிற துப்பாக்கி மாதிரி இருக்கிறது. என் வாழ்நாளில் நான் செய்ததிலேயே அழகில்லாத பொருள். வரி மட்டும் வெயிலில் ஓடுகிறது, ஓடுகிறது...

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வெர்லினைக் கொட்டகைக்கு இழுத்துவந்தேன். கட்டையை நீட்டினேன். சொல்ல வேண்டிய பொய்யை ஒரு வாரமாக ஒத்திகை பார்த்திருந்தேன்.

“லெக்சிங்டன்ல ஒரு பணக்காரர் செய்யச் சொன்னார் மச்சான். வாங்கிக்க வரதுக்குள்ள செத்துட்டார். சும்மா கிடக்கு. உன் துப்பாக்கிக்குச் சேருதான்னு—”

“எப்படிச் செத்தார்?”

இதை ஒத்திகை பார்க்கவில்லை.

“கரடி.”

“லெக்சிங்டன்ல?”

“பெரிய கரடி.”

கட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வளைவின்மேல் கட்டைவிரலை ஓட்டினான். முகம் கறுத்தது.

“நடீன் சொன்னாளா?”

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. என் வாயிலிருந்து!

கட்டையை மேஜைமேல் மெதுவாக வைத்துவிட்டுப் போய்விட்டான்.

ஆகஸ்ட் 6

அவன் வண்டி எங்கள் வீட்டைத் தாண்டிப் போனது. ஹாரன் அடிக்கவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நானே போனேன். வீட்டு முகப்பில் உட்கார்ந்து பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தான். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நானும் ஒரு கைப்பிடி எடுத்து உரிக்கத் தொடங்கினேன்.

“ஊர்ல என்ன கதை ஓடுது என்னைப் பத்தி?” என்றான்.

“ஒண்ணும் ஓடல.”

“கேலி பண்ணாதே.”

“நடீன் என்கிட்ட சொன்னது ஜூலை மூணு. எண்ணிப் பாரு. முப்பத்தொன்பது நாள். கடைக்காரன்கிட்ட சொல்லல, பாதிரியார்கிட்ட சொல்லல. உன் தங்கச்சிகிட்ட மட்டும் கேட்டேன், அவளுக்கு முன்னாடியே தெரியும். போய் யாரை வேணா விசாரி.”

பீன்ஸைக் கீழே வைத்தான். என்னை நிமிர்ந்து பார்த்தான். தலையைக் கொஞ்சம் ஒருபக்கமாகத் திருப்பி, இடது கண்ணால். எத்தனை மாதமாக இப்படித்தான் பார்க்கிறானோ.

“முப்பத்தொன்பது நாளா? நீயா?”

“வயித்துவலியே வந்துடுச்சு மச்சான்.”

மூக்கால் சிரித்தான். அப்புறம் வாயால். “இதை ஒருத்தன் நம்ப மாட்டான் மாப்ள.”

அந்தத் தைரியத்தில் மீதியையும் சொல்லிவிட்டேன். இங்கே எழுதவே கூச்சமாக இருக்கிறது. “நான் பன்னெண்டு அணில்னு சொல்லும்போது, ரெண்டுதான்னு சொல்ல நீ பக்கத்துல இருக்கணும். ஆள் இல்லாத இடத்துல பன்னெண்டுன்னு சொல்லி என்ன சுகம்? நீ வரலன்னா நானும் போகல. அவ்வளவுதான்.”

 பீன்ஸ் முழுதும் உரித்து முடித்தோம்.

“கோணக் கழுதை,” என்றான் கடைசியில். என்னையா, கட்டையையா என்று கேட்கவில்லை. உள்ளே போய்த் துப்பாக்கியை எடுத்துவந்து என் மடியில் வைத்தான். “இந்தா. மாட்டு.”

ஆகஸ்ட் 13

மாட்டினேன். முதல் இரண்டு குண்டு பலகையில்கூடப் படவில்லை. “கன்னத்தை அழுத்தாதே, சும்மா சாய்,” என்றேன். மூன்றாவதில் மிட்டாய் மாவாகப் பறந்தது.

வெர்லின் துப்பாக்கியை இறக்கவே இல்லை. அப்படியே வைத்துக்கொண்டு, “இன்னொண்ணு ஒட்டு,” என்றான். முகத்தைக் கட்டையிலிருந்து எடுக்கவில்லை. நான் ஒட்டப் போனேன். வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன்.

ஆகஸ்ட் 17, சனி

பனி விலகுமுன்பே ஹிக்கரி மரங்களடியில் போய் உட்கார்ந்துவிட்டோம். மேலே கொட்டை கடிக்கிற சத்தம், தோல் துணுக்குகள் என் தொப்பியில் மழையாக. என் கணக்குக்கு நானூறு அணில். ஒன்று என் துப்பாக்கியைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

நான் சுடவில்லை. முதலில் அவன் சுடட்டும். அவனோ தூக்குவான், இறக்குவான். தூக்குவான், இறக்குவான். எனக்கு மூச்சு விடவே மறந்துபோனது.

பிறகு ஒரு வெடி.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மதியம் எங்கள் வீட்டில் விருந்து. சுடச்சுடப் பிஸ்கட் ரொட்டி, அணில் கிரேவி, சோளம். பாதிரியாரும் வந்திருந்தார். மூலையில் சாய்த்திருந்த கோணல் துப்பாக்கியைப் பார்த்துவிட்டு, “இதன்மேல வண்டி ஏறிடுச்சா?” என்றார்.

நடீன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். டெல்ஃபியா என் காலை மேஜைக்கடியில் மிதித்தாள். நான் வாயே திறக்கவில்லை, கர்த்தர் சாட்சி.

“எனக்கு வலது கண்ணு போச்சு,” என்றான் வெர்லின், உப்பை இந்தப் பக்கம் தள்ளு என்கிற குரலில். “மாப்ள செஞ்சு கொடுத்தான். கட்டிலுக்கடியில வெச்சிருந்தானே, அந்த மரத்துல.”

“சுட வருதா?”

வெர்லின் கிரேவியை ரொட்டியால் வழித்தான். கண்ணை மறைக்கச் சொன்னதைத் தவிர, பிறந்ததிலிருந்து ஒரு பொய் சொல்லாதவன். பாதிரியாரின் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னான்: “நேத்து ஒன்பது விழுந்துச்சு.”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். டெல்ஃபியா சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து அடுப்பருகே போனாள். கிரேவிக்குள் ஒரு முழுக் கோழியைக் கலந்தவள் அவள்.

“பதினொண்ணு,” என்றேன். “மச்சானுக்குக் கூச்சம்.”

இந்த நோட்டை யாராவது படித்தால் எதை வேண்டுமானாலும் நம்பாமல் இருக்கலாம். கவர்னரை, கரடியை, கொட்டாவி விட்ட அணிலை. ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம், பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். இடது கண், வலது தோள், முப்பது கஜம், ஒரே குண்டு. விழுந்தது ஒரு அணில்.