ஆற்றுக்கு அந்தப் பக்கம்

மேலூர் ரோடு, ஸ்ரீரங்கம்
வியாழக்கிழமை மதியம்

அன்புள்ள உங்களுக்கு,

தினமும்தான் ஃபோனில் பேசுகிறோமே, இவள் எதற்கு உட்கார்ந்து கடிதம் எழுதி, அதைப் படம் பிடித்து அனுப்புகிறாள் என்று நினைப்பீர்கள். மன்னித்துக்கொள்ளுங்கள். நாம் பேசும்போது ஃபோன் அத்தை கையில்தான் இருக்கிறது. ஸ்பீக்கரும் போட்டுவிடுகிறார்கள். நீங்கள் சாப்பிட்டியா என்பீர்கள், நான் சாப்பிட்டேங்க என்பேன். அதற்கு மேல் எனக்கு வாய் வராது. டைப் அடிக்கலாம் என்று பார்த்தேன், திரை வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. காகிதம் பரவாயில்லை. பிளாண்டுக்குள் ஃபோன் கொண்டுபோகக் கூடாது, ஷிஃப்ட் முடிந்து கேம்ப்புக்கு வந்த பிறகுதான் இதைப் பார்ப்பீர்கள் என்று தெரியும். கை கால் கழுவி, சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள். இல்லை, முதலில் படித்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை உங்களிடம் சொன்ன செய்தியைப் பற்றித்தான் எழுத வேண்டும். நீங்கள் சிரித்தது ஹால் முழுக்கக் கேட்டது. ரூமில் இருப்பவர்களுக்கெல்லாம் ஸ்வீட் வாங்கிக் கொடுத்ததாகச் சொன்னீர்கள். நான் பக்கத்தில் நின்றுகொண்டு தரையைப் பார்த்தேன். வெட்கப்படுறா என்று அத்தை சொன்னார்கள். வெட்கம் இல்லைங்க. குழந்தை இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. என் தலையில் இருக்கும் குழாய் அடைத்துக்கொண்டதோ என்று பயமாக இருக்கிறது.

நாள் தள்ளிப் போயிருப்பது உண்மைதான். மெடிக்கலில் அட்டை வாங்கிப் பார்த்தோம், ஒரு கோடுதான் வந்தது. சில நாள் விட்டு இன்னொன்றில் பார்த்தேன், அதிலும் அப்படித்தான். அத்தையிடம் காட்டினேன். "ரெங்கராஜ் வயித்துல இருந்தப்ப எனக்கே தெரியல, இந்த அட்டைக்கு என்னம்மா தெரியும்" என்று சிரித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் நாள் தள்ளட்டும், லேடி டாக்டரிடம் போகலாம் என்றார்கள். நான் காலையில் வாந்தி எடுக்கிறேன், மத்தியானம் தூங்குகிறேன், சோறு பிடிக்கவில்லை. பார்க்கிற யாருக்கும் அது மசக்கையாகத்தான் தெரியும். அத்தை மேல் தப்பே இல்லை.

ஆனால் எனக்கு இந்தத் தலைவலியைத் தெரியும். ஒன்பதாவது படிக்கும்போது வந்தது இதேதான். எழுந்திருக்கும்போதே வலியோடுதான் எழுவேன். எழுந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் குறையும். குமட்டல் எதுவும் இல்லாமல் திடீரென்று வாந்தி வரும், வாந்தி எடுத்ததும் வலி கொஞ்சம் விட்டுவிடும். அப்போது என் அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறேன் என்றுதான் முதலில் நினைத்தார். வகுப்பிலேயே மயங்கி விழுந்த பிறகு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் குழந்தையாக இருந்தபோது தலையில் வைத்த குழாயை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தார்கள். தலைக்குள் ஊறுகிற நீர் வடிய வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போனால் மூளையை அழுத்தும், தள்ளிப் போட்டால் கண் போகலாம், உயிரும் போகலாம் என்று ஆபரேஷன் செய்த டாக்டர் என் அம்மாவிடம் சொன்னது எனக்கு அரைத் தூக்கத்தில் கேட்டது. இனிமேல் எப்போது இந்த மாதிரி வலி வந்தாலும் வீட்டில் உட்கார்ந்திருக்காதே, நேராக வந்துவிடு என்று என்னிடமும் சொன்னார்.

நீங்கள் ஒருமுறை தொட்டுப் பார்த்தீர்களே, வலது காதுக்குப் பின்னால் மொச்சைக்கொட்டை மாதிரி அந்தக் குழாயின் மேடு, இப்போது என் கை அடிக்கடி அங்கேதான் போகிறது. அதை நாமாக அழுத்திப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அழுத்தவில்லை. கை வைத்துக்கொண்டு மட்டும் இருக்கிறேன்.

அத்தை என்னை எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். கிடாரங்காய் ஊறுகாய் தேடி சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டு வந்தார்கள். கூட்டத் துடைப்பத்தை எடுத்தால் பிடுங்கிவிடுகிறார்கள். எதிர்வீட்டு பெலிண்டா அக்காவிடம், என் மருமகள் பி.காம், பிள்ளை பொறக்கும்போதே கணக்குப் போட்டுக்கிட்டே வரும் என்று சொன்னார்களாம். பெலிண்டா அக்கா, அப்போ உங்க பென்ஷன் கணக்கை மொதல்ல அதுகிட்ட கொடுங்க என்றதாம். சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மாமா போன பிறகு அத்தை இப்படிச் சிரித்ததே இல்லை என்று பெலிண்டா அக்கா என்னிடம் தனியாகச் சொன்னது. அதைக் கேட்ட பிறகு எனக்கு இன்னும் வாய் அடைத்துப் போயிற்று.

திங்கட்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்கிறேன் என்று அத்தை என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். வேண்டாம் அத்தை, நானே வைத்துக்கொள்கிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். அவர்கள் விரல் இதமாகத்தான் இருந்தது. காதுக்குப் பின்னால் வந்ததும் நின்றது. "இதென்னம்மா, கட்டி மாதிரி?" என்றார்கள். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. நான், சின்ன வயசுல கீழ விழுந்தது அத்தை என்றேன். பாவம் என்று அந்த இடத்தில் கொஞ்சம் எண்ணெய் கூட வைத்துத் தடவினார்கள்.

ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பழைய ஆபரேஷன் பைலை எடுத்துப் பையில்கூட வைத்துவிட்டேன். தலைவலி தாங்கலை, தில்லை நகரில் எனக்குத் தெரிந்த டாக்டர் இருக்கிறார், ஒரு ஸ்கேன் எடுத்துவிட்டு வருகிறேன் என்று அத்தையிடம் கேட்டேன். காவிரிக்கு அந்தப் பக்கமா என்று அவர்கள் முகம் மாறிவிட்டது. உங்கள் வீட்டில் கரு தங்கினால் மூன்று மாதம் முடியும்வரை ஆற்றைத் தாண்டக் கூடாதாமே. உங்களுக்கு முன்னால் ஒன்று தங்கி, கொள்ளிடப் பாலம் தாண்டி சமயபுரம் போய்விட்டு வந்த மறுநாளே கலைந்துவிட்டதாம். அதை என்னிடம் சொல்லும்போது அழுதார்கள். உங்களுக்கு இது தெரியுமா? "தலைவலிக்குப் போயி ஸ்கேனா, பச்சைக் கருவு தாங்குமா கண்ணு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம். இரண்டுக்கும் நடுவில் இருக்கிறோம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அந்தக் கையை உதறிவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

அம்மாவுக்கு ஃபோன் செய்தேன். செவ்வாய்க்கிழமை மாதுளம்பழம் வாங்கிக்கொண்டு வந்தது. என் கண்ணைப் பார்த்ததுமே அதற்குத் தெரிந்துவிட்டது. அடுப்படியில் வைத்து, குழாயைப் பற்றி மட்டும் மூச்சு விடாதே, மறைச்சுக் கட்டிக் கொடுத்துட்டாங்கன்னு சொல்லுவாங்க, நான் வேற ஏதாவது சொல்லிக் கூட்டிட்டுப் போறேன் என்றது. ஹாலுக்கு வந்து, பிள்ளையை ரெண்டு நாள் வச்சிருந்து அனுப்புறேன் சம்பந்தி என்று கேட்டது. அத்தை சிரித்துக்கொண்டே முடியவே முடியாது என்றுவிட்டார்கள். ஒரு கூடை தக்காளிக்காக லாரிக்காரர்களோடு சண்டை போடும் என் அம்மா, சரிங்க என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. வாசலில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, பிறகு கழற்றிச் சரியாகப் போட்டது. நேற்றிலிருந்து ஃபோன் செய்துகொண்டே இருக்கிறது. அதனிடம் பேசினால் அழுதுவிடுவேன் என்று எடுக்கவில்லை.

இன்று காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருவில் நின்ற ஸ்டீபன்ராஜ் அண்ணனின் ஆட்டோ இரண்டாகத் தெரிந்தது. ஒரு கண்ணை மூடினால் ஒன்றாகிறது. மாடியைப் பார்க்கத் தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் மேலே தூக்கினால் வரமாட்டேன் என்கிறது. நேற்றுவரை இது இல்லை. இந்தக் கடிதத்துக்கு நடுவிலும் ஒருமுறை படுத்துவிட்டேன். எழுந்து பார்த்தால் பேனா மூடாமல் கிடக்கிறது, தலையணையில் மை. எவ்வளவு நேரம் தூங்கினேன் என்று தெரியவில்லை. அத்தை உள்ளே வந்து ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

திருவானைக்காவல் கோயிலில் என்னைப் பார்க்க வந்தீர்கள், பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது நான் உங்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எந்த ஆணிடமும் நான் அவ்வளவு நேரம் பேசியதில்லை. நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று, வலிக்குமா என்று. அதனால்தான் சம்மதம் என்று வீட்டில் சொன்னேன். எங்க அம்மாவிடம் நானே பக்குவமாகச் சொல்லிக்கிறேன், நீ எதுவும் சொல்ல வேண்டாம் என்றீர்கள். கல்யாண வேலை வந்தது, பிறகு விசா வந்துவிட்டது. ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது அத்தையைத் தனியாகக் கூப்பிட்டீர்கள், இப்போது சொல்லப் போகிறார் என்று கதவருகில் நின்றேன். ஊறுகாய்ப் பாட்டில் எங்கே என்று கேட்டீர்கள். குறையாகச் சொல்லவில்லைங்க. எனக்கும் அப்படித்தான் வேறு ஏதாவது வாயில் வந்துவிடுகிறது.

உங்களுக்கு அங்கே வெயில் எப்படி இருக்கிறதோ. வெல்டிங் கண்ணாடியைக் கழற்றாதீர்கள். வாங்கிக் கொடுத்த ஸ்வீட்டுக்காக யாராவது கேட்டால் சங்கடப்படாதீர்கள். நமக்குக் குழந்தை பிறக்கும். இந்த மாதிரிக் குழாயோடு எத்தனையோ பேர் பெற்று வளர்க்கிறார்கள் என்று அந்த டாக்டர் சொல்லியிருக்கிறார். இப்போது நான் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இவ்வளவு எழுதியும் கேட்க வந்ததைக் கேட்கவில்லை. இதைப் படித்ததும் எனக்குக் கூப்பிட வேண்டாம். அத்தையின் நம்பருக்குக் கூப்பிடுங்கள். ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லி, குழந்தை இல்லை என்பதையும் குழாய் இருக்கிறது என்பதையும் இரண்டையும் நீங்களே சொல்லிவிடுங்கள். அவர்கள் அழுதால் அழட்டும், என்னைத் திட்டினாலும் திட்டட்டும். பைல் பீரோவுக்குப் பக்கத்தில் நீலப் பையில் இருக்கிறது. ஸ்டீபன்ராஜ் அண்ணனை எந்நேரம் கூப்பிட்டாலும் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ எடுத்துக்கொண்டு வருவார். அவள் தூங்குறாப்பா, அசதியா இருக்கா, காலையில பேசிக்கலாம் என்று அத்தை சொல்வார்கள். சரிம்மா, தூங்கட்டும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என்னை எழுப்பச் சொல்லுங்கள். எழும்வரை ஃபோனை வைக்காதீர்கள்.

உங்கள்
மட்டுவார்குழலி