கச்சானுக்கு எதிரே ஒரு சைக்கிள்

குருக்கள்மடம்,
ஞாயிறு பின்னேரம்.

அன்பின் தனுஷாவுக்கு,

நானும் மகள் கிருஷிகாவும் சுகமாக இருக்கிறோம். அந்தக் குளிருக்குள் நீயும் சுகமாக இருக்கப் பிள்ளையார் துணை. என் சுகத்தில் மட்டும் ஒரு சின்னக் குறை. இதைக் கட்டிலில் குப்புறப் படுத்தபடி எழுதுகிறேன். கதிரையில் இருக்க முடியவில்லை. பயப்படாதே, காரணம் கேட்டால் சிரிப்பாய்.

போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் தொடங்க முதலே மகள் போனைப் பறித்து முடிவைச் சொல்லிவிடுவாள். என் கூட்டாளி சாலிஹின் மச்சான் வியாழக்கிழமை லண்டனுக்குப் போகிறார். காய்ந்த இறாலோடு இந்தக் கடிதத்தையும் அங்கிருந்து உனக்குத் தபாலில் போடுவார்.

நீ வேலைத்தலத்து ஆட்களோடு ஸ்கொட்லாந்து மலைகளுக்கிடையே ஒரு முழு நாள் சைக்கிள் ஓடிய கதையைச் சொன்னதிலிருந்து இந்த வீட்டில் வேறு பேச்சில்லை. ஒரே நாளில் நாலு தரம் மழை, றோட்டை மறித்த செம்மறிக் கூட்டம், பண்ணை வாசலில் ஆளே இல்லாமல் கேக் விற்கும் பெட்டி! அங்கே காகம் இல்லையா அப்பா என்று மகள் இன்னும் கேட்கிறாள். கடைசி ஏற்றத்தில் இறங்கி உருட்டிக்கொண்டு போனேன் என்று சொல்லி நீ சிரித்தாயே, நீ அங்கே போனதிலிருந்து அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்கவில்லை. அன்று எனக்கு நித்திரை வரவில்லை. ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது.

மறுநாள் சாலிஹிடம் சொன்னேன். காத்தான்குடியில் புடவைக்கடையில் இருந்து இருந்தே அவனுக்கும் என்னைப்போல வயிறு வைத்துவிட்டது. "தங்கச்சி மலை ஏறுறா, நாம வவுத்தத் தூக்கிக்கிட்டு இரிக்கம். வாவியச் சுத்துவமா மச்சான்?" என்றான்.

நேற்று விடியப் புறப்பட்டேன். ஆரையம்பதிச் சந்தியில் சாலிஹ் காத்து நின்றான். மகனுடைய கியர் சைக்கிள், தலையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மட்! மண்முனைப் பாலத்தைத் தாண்டி, கொக்கட்டிச்சோலையில் இடியப்பம் சாப்பிட்டுத் தெற்கே திரும்பும் வரைக்கும் நாங்கள் ராஜாக்கள். பிறகுதான் கச்சான் எழும்பியது. அந்த வெக்கைக் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. இரண்டு பக்கமும் வயல்வட்டைகளில் நெல் எங்கள் பக்கமாகவே படுத்து எழும்பியது. உன் செம்மறிக்குப் பதிலாக எங்களுக்கு எருமைகள். சாலிஹ் மணியடித்தான். ஒன்று திரும்பிப் பார்த்த பார்வையில் அவனே இறங்கி ஓரமாக உருட்டினான்.

அம்பிளாந்துறைக்கு வரும்போது என் கால்கள் என்னுடையவை இல்லை. ஆட்களையும் வாகனங்களையும் அக்கரைக்கு ஏற்றிப்போகும் மிதவைப் பாதை துறையில் புறப்பட நின்றது. எதிரே நம் ஊர்த் தென்னைகள். ஏறினால் கொஞ்ச நேரத்தில் வீடு. சாலிஹ் சைக்கிளோடு ஏறிவிட்டான். "ஏறு மச்சான். தனுஷாக்கு ஆரு சொல்லப் போறா, நானா?" என்றான். நான் ஒரு காலைப் பலகையில் வைத்தேன். உண்மையைச் சொன்னால், மற்றக் காலும் பாதி தூக்கியாயிற்று. நீ உருட்டிக்கொண்டாவது உச்சிக்குப் போனவள் என்ற நினைப்பு வந்தது. காலை எடுத்துவிட்டேன். நடு வாவியில் நின்று அவன் விசரன் விசரன் என்று கத்தியது கரை வரைக்கும் கேட்டது.

பழுகாமம் வரைக்கும் தனியே காற்றைத் திட்டினேன். திட்ட வார்த்தை முடிந்ததும் பாடினேன். பட்டிருப்புப் பாலத்தில் கிழக்கே திரும்பினேன் பார், காற்று முதுகுக்கு வந்துவிட்டது! மிதிக்காமலே சைக்கிள் பறந்தது. தோணியில் வலை இழுத்துக்கொண்டிருந்த ஒருவர் "எங்க மனே இந்த வேகத்தில?" என்று கேட்டார். வாய்விட்டுச் சிரித்தேன். அந்த நேரம் எனக்கு ஒரு கவலையும் இல்லை. நீ இல்லாத வீடுகூட ஞாபகத்தில் இல்லை. போனில் நீ சிரித்தது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அது எங்களை மறந்த சிரிப்பில்லை, கவலையை மறந்த சிரிப்பு.

களுதாவளைப் பிள்ளையாரைக் கும்பிட்டு வீட்டுக்கு வந்தால், சாலிஹ் என் கதிரையில் இருந்து பிளேன்ரீ குடிக்கிறான். கதை சொல்லி ஒழுங்கைச் சனம் முழுவதையும் கூட்டி வைத்திருந்தான். எல்லாரும் கைதட்ட, இறங்கக் காலைத் தூக்கினேன். கால் வரவில்லை. சைக்கிளோடு செவ்வரத்தைச் செடிக்குள் விழுந்தேன். மகள் வீடியோ எடுத்துவிட்டாள். உனக்கு அனுப்பாமலிருக்க ஒரு கிழமைக்கு ஐஸ்கிறீம் பேசி முடித்திருக்கிறேன்.

வேலையை இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டட்டுமா என்று போன கிழமை கேட்டாய். பார்ப்பம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன், உனக்கு விருப்பமென்றால் நீட்டு. மகளின் படிப்பையும் வீட்டையும் நான் பார்த்துக்கொள்வேன். அவளுக்கு இரட்டைப் பின்னல் போடக்கூடப் பழகிவிட்டேன். ஒரு பக்கம் கொஞ்சம் கோணல்.

ஈர றோட்டில் பிறேக்கைப் பார்த்துப் பிடி. போகிற வழியெல்லாம் பிள்ளையார் உன்னோடு வரட்டும். லீவு கிடைத்தால் மட்டும் ஒருதரம் வந்துவிட்டுப் போ. இன்று காலை சாலிஹ் சிவப்பு நிறத்தில் ஒரு லேடீஸ் சைக்கிள் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான். சீற்றை உன் உயரத்துக்கு இறக்கினேன். பக்கத்தில் நிற்கும்போது என் தோளில் எதுவரைக்கும் வருவாய் என்று நினைத்துப் பார்த்து இறக்கியதுதான். சரியோ பிழையோ தெரியவில்லை. நீதான் வந்து ஏறிப் பார்த்துச் சொல்லவேண்டும்.

உன்,
விஜிதரன்