அண்ணன் வாங்கி வந்த சுவரொட்டி

அக்கா, இன்று காலை அண்ணன் என் மகளுக்கென்று சுவரொட்டி வாங்கிக்கொண்டு வந்தான். "பாப்பாவுக்கு ரத்தம் கம்மின்னு சொன்னியே, மிளகு போட்டு வறுத்துக் குடு" என்று பையை நீட்டினான். அது வதங்கும் வாடை எழுந்ததுமே இரும்புலியூர் வீட்டில் உன் கட்டிலோரம் நிற்பது போலாகிவிட்டது எனக்கு.

தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாயே, அங்கேதான் தொடங்கியது. எங்கும் இடித்துக்கொள்ளாமலே கை நீலநீலமாய்க் கன்றியது. பல் விளக்கினால் ரத்தம். உடனே தெருவே டாக்டராகிவிட்டது. பீட்ரூட், மாதுளை, பேரீச்சம்பழம். "டயட்டு டயட்டுன்னு பட்டினி கெடந்தா இப்படித்தான்" என்றாள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி, உன் முகத்துக்கு நேராகவே. அண்ணன் ஞாயிறு தவறாமல் கறிக்கடையில் முதல் ஆளாய் நின்று இதே சுவரொட்டியை, ஆட்டு மண்ணீரலை, வாங்கி வருவான்.

ரத்த அணுக்கள் உருவாகி வளர்வது எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில், உன் மஜ்ஜை அந்த வேலையையே நிறுத்திவிட்டது என்றார் டாக்டர். சிவப்பணு இல்லாமல் மூச்சு வாங்குகிறது, பிளேட்லெட் இல்லாமல் ரத்தம் கசிகிறது, வெள்ளையணு இல்லாததால் சின்னக் காய்ச்சல்கூட ஆபத்து. எதைத் தின்றாலும் ஏறாது. நீதான் சிரித்தாய்: "அடுப்பே அணைஞ்சு போச்சு, இவங்க அரிசி மேல அரிசியா வாங்கிட்டு வராங்கடி."

கூடப்பிறந்தவர் மஜ்ஜை பொருந்தினால் பிழைக்க வழியுண்டு என்றார்கள். என்னுடையது பொருந்தவில்லை. அண்ணனுடையது அப்படியே பொருந்தியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நாம் இருவரும் கட்டிக்கொண்டு அழுதோம், சந்தோஷத்தில்.

அப்புறம் அண்ணி வீட்டார் வந்தார்கள். "முதுகுத்தண்டுல ஊசி போட்டா ஆம்பள அதோட முடங்கிடுவான்." இடுப்பெலும்பிலிருந்துதான் எடுப்போம், சில வாரத்தில் மறுபடி ஊறிவிடும் என்று டாக்டர் படம் வரைந்தே காட்டினார். அண்ணன் தலையாட்டினான். "அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றான். அடுத்த வாரமும் அதையேதான் சொன்னான். சுவரொட்டி மட்டும் ஒரு ஞாயிறும் தவறவில்லை. கடைசியில் டாக்டர் பயந்த அந்தக் காய்ச்சல் வந்தது.

இன்னும் வயிறு எரிகிறது அக்கா. ஆட்டுடையதை அள்ளி அள்ளிக் கொடுத்தவன் தன்னுடையதில் ஒரு துளி தரவில்லை.

ஐ.சி.யூ.வுக்குள் கொண்டுபோகும் முன் என் கையைப் பிடித்துக்கொண்டாய். "அவன்கிட்ட சண்ட போடாதடி. அம்மா வீடுன்னு போய் நிக்க உனக்கு இனி அவன்தான்."

பாப்பா தட்டைக் காலி செய்துவிட்டாள். அவளுக்கு வெறும் இரும்புச்சத்துக் குறைதான், மஜ்ஜையில் ஒரு கோளாறும் இல்லை. ஏறிவிடும். அண்ணன் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தான். அவனுக்கும் தட்டு வைத்துப் பரிமாறினேன். இன்றுவரை நான் சண்டை போடவில்லை அக்கா, நீ சொன்ன சொல்லை மீறவில்லை.

நல்லவேளை, அவனை மன்னிக்கச் சொல்லி நீ கேட்கவில்லை.