மெதுவாகக் கலக்கவும்

மார்ச் 3, செவ்வாய்

பல் தேய்க்கும் முன் பார்த்தேன்: பத்தொன்பது. தேய்த்த பின்னும் பத்தொன்பது.

நான் பேராசிரியர் ஆவதற்கு இருபது கட்டுரைகள் வேண்டும். ஒவ்வொன்றையும் இருபது பேராவது தங்கள் கட்டுரையில் மேற்கோள் காட்டியிருக்க வேண்டும். நிறுவன விதி. பத்தொன்பது கட்டுரைகள் கரையேறிவிட்டன. மிச்சம் இருப்பது என் செல்லப்பிள்ளை: ஈஸ்ட் செல்லிலிருந்து நீளமான டி.என்.ஏ.வை அறுந்துபோகாமல் உருவி எடுக்கும் முறை. அது பத்தொன்பது மேற்கோளோடு கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டு ஏறமாட்டேன் என்கிறது. ஏப்ரல் கடைசியில் பதவி உயர்வுக் குழு கூடுகிறது.

"நான் வேணா ஒரு தடவை மேற்கோள் காட்டட்டுமா?" என்றார் வீட்டுக்காரர். அவர் பல் டாக்டர்.

"எங்கே?"

"நோயாளி வாயைத் திறந்துக்கிட்டு இருக்கும்போது. யாரும் மறுத்துப் பேசமாட்டாங்க."

மார்ச் 11

அடுத்த அறை மூவாயிரத்தார் வந்தார். மொத்த மேற்கோள் மூவாயிரத்தைத் தாண்டிய அன்று கேக் வெட்டினார். அதிலிருந்து இந்தப் பெயர். பாதி அவரே அவரைக் காட்டிக்கொண்டது என்று ஊரே பேசுகிறது. ஊர் என்றால் நான்.

"நீங்களும் உங்களை ஒரு தடவை காட்டிக்கோங்களேன் மேடம்."

"அதைக் குழு கழிச்சிடுமே சார்?"

"கழிச்சிடுமா?" மனுஷன் முகம் வெளிறிவிட்டது. இன்றைய பொழுது நல்ல பொழுது.

மார்ச் 27

இருபது! இருபது! இருபது!

மார்ச் 28

அந்த இருபதாவதை இன்றுதான் படித்தேன். நேற்றே படித்திருக்கலாம், கேக் வாங்கப் போய்விட்டேன்.

"இம்முறையைப் பலமுறை செய்து பார்த்தோம். டி.என்.ஏ. துண்டு துண்டாகவே கிடைத்தது. நம்பத்தக்கதல்ல."

எழுதியவர் வேறு ஏதோ நாட்டில் இருக்கும் ஒரு தமிழர், படத்தில் தாடிக்காரர். மிச்சக் கேக்கை டப்பாவில் போட்டு மூடினேன்.

மூவாயிரத்தாரிடம் காட்டினேன். "திட்டினாலும் மேற்கோள் மேற்கோள்தான் மேடம். குழு எண்ணைத்தான் பார்க்கும், எழுத்தைப் பார்க்காது. அது கூடுற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க."

சரி. திறக்கவே மாட்டேன்.

மார்ச் 30

திறந்துவிட்டேன். அடுத்த வீட்டு ரகசியத்தையே ஒரு மத்தியானம் தாங்காத வாய் இது. என் பிள்ளையைப் பொய்யன்னு ஒருத்தர் அச்சுல போடுவாராம், நான் கைகட்டிக்கிட்டுக் கேட்கணுமாம்! தாடிக்காரருக்கு எழுதினேன்: நீங்கள் செய்ததை என் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 6

வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து வீடியோவில் பேசினேன்.

"எப்படிக் கலக்கினீங்க?"

"நீங்க எழுதினபடிதான் மேடம். மெதுவாக." குழாய் குலுக்கும் மெஷினைக் காட்டினார். வேகம் காட்டும் முள் '1' என்ற எண்ணில் நின்றது. "இதைவிட மெதுவா இதுக்குத் தெரியாது."

மெஷினைப் போட்டும் காட்டினார். அது அதிர்ந்த அதிர்வில் டி.என்.ஏ. என்ன, தாடியே உதிர்ந்துவிடும்.

"ஐயோ, மெதுவான்னா வேகத்துல இல்லைங்க! பதமா! கையால!"

ஒரு குழாயில் தண்ணீர் ஊற்றிச் செய்து காட்டினேன். தூங்குகிற குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றுவது மாதிரி — கவிழ்த்து, நிமிர்த்து, கவிழ்த்து... அப்போது பார்த்து அடுப்படியிலிருந்து, "உப்பை எங்கே வெச்சே?" என்று வீட்டுக்காரர் சத்தம். தாடிக்காரர் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டார்.

ஏப்ரல் 14

"நூல் மாதிரி வந்துச்சு மேடம்! குச்சியில சுத்தியே எடுத்தேன்!"

தாடிக்காரரின் மின்னஞ்சல். நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன். பிறகுதான் அடுத்த வரி: தவறு தன்னுடையது, தன் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறாராம். பெற்றால்? அதிலிருக்கும் என் மேற்கோளும் கூடவே போகும்.

'மே மாதம் வரை பொறுக்க முடியுமா' என்று தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன். அட, நான் என்ன பொம்பளை! அழித்துவிட்டு 'மிக்க நன்றி' என்று அனுப்பினேன்.

ஏப்ரல் 22

பத்தொன்பது.

ஏப்ரல் 30

குழு கூடியது. என்னை அடுத்த வருஷம் வரச் சொல்லிவிட்டது.

"ஒரு மாசம் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?" என்று மூவாயிரத்தார் வருந்தினார். வீட்டில் வந்து சொன்னேன்.

"வாயைத் திறக்கச் சொல்றதுதானே என் தொழிலே" என்றார் வீட்டுக்காரர். அழலாம் என்று வந்தவளைச் சிரிக்க வைத்துவிட்டார், படுபாவி.

நவம்பர் 17

தாடிக்காரரின் புதுக் கட்டுரை வந்து ஒரு மாதம் ஆகிறது, என் வீடியோவோடு. என் முறைக்குப் பெயரே வைத்திருக்கிறார்: 'தூங்கும் குழந்தை'. நாலைந்து ஆய்வகங்கள் செய்து பார்த்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதியிருக்கின்றன. ஒருவர் மட்டும், வீடியோவின் தமிழை யாரிடமோ அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு, வெகு பணிவாக: "மூன்றாவது முறை கவிழ்க்கும்போது உப்பு சேர்க்கச் சொல்வது கேட்கிறது. எவ்வளவு?"

வீட்டுக்காரரைக் கேட்டேன். "ருசிக்கேற்ப" என்றார்.

பிப்ரவரி 9

மூவாயிரத்தார் கதவைத் தட்டிவிட்டு வந்தார். தட்டுகிற ஆளே இல்லை. "உப்பு மேடம், உங்க குழந்தையை எங்க லேப்லயும் தூங்க வெச்சாச்சு. கட்டுரையில போட்டிருக்கேன்."

அவர் வேறு ஒருவரை மேற்கோள் காட்டியிருக்கிறார்! இதை யாரிடம் முதலில் சொல்வது என்று தவித்ததில் என் எண் எவ்வளவு ஆயிற்று என்று பார்க்க மறந்துபோனேன்.

மே 5

பெயர்ப்பலகைக்காரர் வந்திருந்தார். என் கதவில் 'இணைப் பேராசிரியர்' என்றிருப்பதைத் தலை சாய்த்துப் பார்த்தார்.

"புதுசு எதுக்கு மேடம்? முன்னாடி இருக்கிற 'இணைப்'பைச் சுரண்டிட்டாப் போதும்."

சுரண்டினார். பதமாக, கையால்.

படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். "இணையை எடுத்துட்டியா? அப்ப நான் யாரு?" என்று கேட்டிருந்தார்.

'உப்பு' என்று அனுப்பினேன்.